ஷெரிப்புக்குக் கீழே புதிய டி.என்.ஏ. ஆய்வுகூடம்: தலைமைப் பொறுப்பை ஏற்கலாமா?

தலவாக்கலை மகள்:

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். இரண்டு நாளாக மழை விடவில்லை. மேசையில் விரித்து வைத்த நியமனக் காகிதங்கள்கூட ஈரம் கோத்து நெளிகின்றன. அவற்றைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

பேராதனையில் மூலக்கூற்று உயிரியல் படித்து, மேற்படிப்புக்கு அமெரிக்கா போனேன். ஒன்பது ஆண்டுகளாக அங்கே குற்ற வழக்குச் சான்றுகளை ஆராயும் ஒரு மாநில ஆய்வுகூடத்தில் டி.என்.ஏ. பகுப்பாய்வாளராக இருக்கிறேன். இப்போது பக்கத்துக் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) பொலிஸ் தலைவரான ஷெரிப் தமக்கென ஓர் ஆய்வுகூடம் தொடங்குகிறார். தொழில்நுட்பத் தலைவராக என்னை அழைக்கிறார். டி.என்.ஏ. ஆய்வுகூடங்களுக்கு அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் தரவிதிகள் கேட்கும் முதுநிலைப் பட்டமும் மூன்று ஆண்டு அனுபவமும் என்னிடம் இருக்கின்றன. சம்பளமும் நல்லது. தூக்கம்தான் வரவில்லை.

ஆறு மாதத்தில் முதல் அறிக்கை வேண்டும் என்கிறார் ஷெரிப். கட்டடத்துக்கு இன்னும் பூச்சுக்கூட முடியவில்லை. மாதிரியிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரிக்கும் அறை வேறு, பி.சி.ஆர். முறையில் கோடிக்கணக்கான மடங்காகப் பெருக்கியதைக் கையாளும் அறை வேறு. ஆளும் பொருளும் முதல் அறையிலிருந்து இரண்டாவதற்குப் போகலாம், திரும்பக் கூடாது; பெருக்கியதில் சிறிது ஒட்டி வந்தாலும் புதிய மாதிரி கெட்டுவிடும். வரைபடத்திலோ இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு, இரு பக்கமும் திறக்கிறது. கருவி வந்து இறங்கிய மறுநாளே வழக்குகளைத் தொடவும் முடியாது. எவ்வளவு குறைந்த அளவு வரை நம்பலாம், மூன்று நான்கு பேரின் டி.என்.ஏ. கலந்து வந்தால் எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கூடத்திலேயே சோதித்து எழுதி வைக்க வேண்டும். அங்கீகாரம் கிடைக்காமல் தேசிய டி.என்.ஏ. தரவுத்தளத்தில் ஒருவரின் விபரம்கூட ஏற்ற முடியாது.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். பள்ளி விட்டதும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய் அவர் அருகில் நிற்பேன். தராசு தோட்டத்துடையது, நிறுப்பவர் தோட்டத்தின் ஆள், ஈரத்துக்கு இவ்வளவு சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பவரும் அவரே. முள் ஆடி நிற்பதற்குள் எண்ணைச் சொல்லிவிடுவார். அம்மா எதிர்த்துக் கேட்டதில்லை. சாக்கைக் கொக்கியிலிருந்து இறக்கும்போது முள்ளை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். கைது செய்பவரும் அளப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, நானும் அந்த நிறுப்பவராக ஆகிவிடுவேனோ? ஆய்வுகூடங்கள் பொலிஸ் நிர்வாகத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகமே 2009ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைத்தது.

கையெழுத்திடுவதற்கு முன் எதையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும்? அல்லது மறுத்துவிடலாமா?

கம்பளை ஓய்வூதியர்:

மகள், நான் முப்பது ஆண்டுகள் மருத்துவ ஆய்வுகூடங்களில் இருந்தவன். அந்தக் கதவை முதலில் அடைக்கச் சொல்லுங்கள். எங்களிடம் ஒருமுறை, எதுவும் இடாத வெற்றுக் குழாயிலேயே முடிவு வந்தது. அறிக்கைகளை அனுப்பிவிடச் சொல்லி மேலிடம் நெருக்கியது. பதினொரு நாள் தேடினோம். யாரோ ஒரு குழாய்த் தாங்கியைக் கழுவாமல் அடுத்த அறையிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். அந்தப் பதினொரு நாளும் எங்கள் மேற்பார்வையாளர் ஒரு காகிதத்திலும் கையெழுத்திடவில்லை. இன்றும் அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது.

ஊழியர்கள், துப்புரவு செய்பவர்கள், குற்றம் நடந்த இடத்துக்குப் போகும் பொலிஸார், எல்லோருடைய டி.என்.ஏ. விபரமும் ஒப்பிட்டு விலக்குவதற்காகக் கையில் இருக்க வேண்டும். ஜெர்மனியில் 2007இல் ஹைல்பிரானில் ஒரு பெண் பொலிஸ் கொல்லப்பட்டபோது கிடைத்த அதே டி.என்.ஏ. ஏராளமான இடங்களில் கிடைத்தது. ஒரு கொலைகாரியைத் தேடி அலைந்தார்கள். 2009இல் பார்த்தால், அது மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைப் பொதி செய்த தொழிற்சாலைப் பெண்ணுடையது! குச்சியில் கிருமி இல்லை, டி.என்.ஏ. இருந்தது.

பதுளைச் சட்டத்தரணி:

சகோதரி, மறுத்துவிடாதீர்கள் என்பதே என் கருத்து. நம் நாட்டில் சான்றுப் பொருட்கள் நீதிமன்ற உத்தரவோடு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகின்றன. அது பொலிஸுக்குக் கீழ்ப்பட்டதல்ல. நல்ல ஏற்பாடு. ஆனால் தூரத்துக்கும் ஒரு விலை உண்டு. என் கட்சிக்காரர் ஒருவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சட்டை, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டுக் கிடந்தது. நம் ஊர்க் குளிரில் எதுதான் காயும்? பையைத் திறந்தபோது பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். உலர்த்திக் கடதாசிப் பையில் போடு என்று அந்தப் பொலிஸ்காரருக்குப் பக்கத்திலிருந்து சொல்ல ஆள் இருக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இருக்கப்போகிறீர்கள்.

ஒரு நிபந்தனை கேளுங்கள். வழக்குத் தொடுப்பவருக்கு எது போகிறதோ அது முழுவதும், சந்தேக நபரை விலக்கும் முடிவும் மூலத் தரவுகளும் உட்பட, எதிர்தரப்புக்கும் போக வேண்டும். ஹூஸ்டன் நகரப் பொலிஸின் டி.என்.ஏ. பிரிவை 2002இல் தணிக்கைக்குப் பிறகு மூடினார்கள். கூரை ஒழுகிச் சான்றுப் பொருட்கள் நனைந்தது ஒருபுறம் இருக்கட்டும், பிழையான முடிவால் சிறை சென்ற இளைஞன் ஒருவன் 2003இல்தான் வெளியே வந்தான். இன்று அந்த நகரில் இந்த வேலையைத் தனி அமைப்பு செய்கிறது.

ஹட்டன் உயிரியல் ஆசிரியர்:

அக்கா, சான்றைப் பத்திரப்படுத்துவது பற்றிச் சட்டத்தரணி சொன்னதோடு ஒன்று. 2001இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் ஒரு வீட்டில் கொள்ளை நடந்தபோது, கீழே கிடந்த, இரத்தம் குடித்த அட்டைப்பூச்சி ஒன்றைப் பொலிஸார் எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். அதன் வயிற்றிலிருந்த இரத்தம் பல ஆண்டுகள் கழித்து ஒருவரோடு பொருந்தி, 2009இல் அவருக்குத் தண்டனை கிடைத்தது. நம் பிள்ளைகள் தினமும் காலிலிருந்து பிடுங்கி எறிவது போன்ற அட்டைதான். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காருகிறது.

தலவாக்கலை மகள்:

எல்லோருக்கும் நன்றி. வேலையைத் தொடங்க, நிறுத்த, மீண்டும் தொடங்கத் தொழில்நுட்பத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்று தரவிதிகளிலேயே இருக்கிறது. அதை அப்படியே நியமனக் கடிதத்திலும் எழுதக் கேட்கிறேன். கதவைப் பற்றித் தனியாக எழுதிவிட்டேன். ஆறு மாதம் என்ற வரியை அடித்துவிட்டேன்.

நேற்று இரவு நிபந்தனைகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நிறுக்கும்போது அந்த ஆள் முள்ளைப் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டார். சட்டத்தரணி ஐயா சொன்னதை நான் ஐந்தாவதாக வைத்திருந்தேன். அதை முதலாவதாக மாற்றியிருக்கிறேன். நாளைக் காலையில் அனுப்புகிறேன்.