புதுப்பிப்பு: ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்', முதல் பதிப்பா நகல் பதிப்பா?

உதவிய எல்லோருக்கும் நன்றி. புத்தகத்தைச் செருகி வைக்கும் அட்டைக் கூட்டுடன் ஒருவர் விற்ற இந்த நாவலின் பிரதி, 1960-இல் லிப்பின்காட் பதிப்பகம் போட்ட அசல் முதல் பதிப்புதானா என்று கேட்டிருந்தேன். இல்லை. ஃபர்ஸ்ட் எடிஷன் லைப்ரரி என்ற நிறுவனம் பின்னாளில் வெளியிட்ட நகல் பதிப்பு.

முதல் பதிப்பின் அடையாளங்களைப் பட்டியலிட்டு ஒப்பிடச் சொன்ன முதல் யோசனைகள் இதில் பலிக்கவில்லை. காப்புரிமைப் பக்கத்தில் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று இருக்கிறது. மேலுறையில் 3.95 டாலர் விலை, முன்மடிப்பில் பச்சை எழுத்தில் எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியின் பாராட்டு, பின்னால் அவரே எடுத்த லீயின் புகைப்படம், எல்லாம் அச்சு அசலாக அப்படியே! பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடித்தால் இது தேறிவிடும்.

விடை கிடைத்தது, "கூட்டைப் பார்த்தே சந்தேகப்படுங்கள்" என்ற யோசனையால்தான். 1960 பதிப்பு கூட்டோடு விற்கப்படவே இல்லை. அப்புறம் காப்புரிமைப் பக்கத்தை வெளிச்சத்தில் வைத்துப் படித்தேன். நகல் பதிப்பாளரின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. தாளின் ஓரத்தில் துளிப் பழுப்பும் இல்லை.

எதிர்பாராதது ஒன்று: விற்றவருக்கே இது தெரியவில்லை. காட்டியதும் விலையை நியாயமாகக் குறைத்தார், வாங்கிவிட்டேன். அசலின் முதல் அச்சு 5,000 பிரதிகள்தான் என்பார்கள். அந்த விலை நமக்கு எட்டாது. படிக்கவும் அடுக்கவும் இதுவே அழகு.

கூடு இல்லாமல், மேலுறையோடு மட்டும் ஒரு பிரதி விற்பனைக்கு வந்தால் கூடுதல் கவனம் தேவை. நகல் மேலுறையை அசல் புத்தகத்துக்குப் போர்த்தி விற்பவர்களும் உண்டு.