இயந்திரத்தை இயக்கினால் பிஷ் பைண்டர் திரை முழுவதும் கோடுகள்

வாழைச்சேனையிலிருந்து தொழிலுக்குச் செல்லும் எங்கள் பைபர் படகிலுள்ள 12 வோல்ட், 50/200 கிலோஹேர்ட்ஸ் பிஷ் பைண்டரில் (ஒலியலையால் மீனையும் கடலடியையும் திரையில் காட்டும் கருவி), வெளியிணைப்பு இயந்திரத்தை இயக்கியதும் சாய்ந்த கோடுகள் நிறைந்து கடலடி மறைந்துவிடுகிறது. நிறுத்தினால் உடனே தெளிகிறது. சென்ற மாதம் இயந்திரத்தின் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றிய பின்னரே இது தொடங்கியது. படகு நகராமல் நியூட்ரலில் நிற்கும்போதும் கோடுகள் வருவதால், ஒலியலையை நீரில் அனுப்பிப் பெறும் உணரியின் அடியில் சேரும் காற்றுக்குமிழிகளைக் காரணமாக நான் கருதவில்லை.

உணரியில் படிந்த பாசியை அகற்றினேன், கருவிக்குத் தனி பற்றரி கொடுத்தேன், பயனில்லை. உணரியின் வயரை இயந்திர வயர்களிலிருந்து விலக்கிக் கட்டியபோது மட்டும் கோடுகள் சற்றுக் குறைந்தன. திருத்துநரோ உணரியையே மாற்றச் சொல்கிறார். அந்த விலைக்குக் கருவியையே புதிதாக வாங்கிவிடலாம் போலிருக்கிறது.

மின் இரைச்சலை அடக்கும் மின்தடை உள்ளே இல்லாத பிளக்கால் வரும் இடையூறா, அந்த இரைச்சலைத் தடுக்கும் உணரி வயரின் கவச உறை பழுதானதா என்பதைப் புதிய உணரி வாங்காமலே பிரித்தறிவது எப்படி?