மறு: சீடிங் என்பதற்கு ‘விதைப்பு’ சரியா?

வணக்கம் நண்பர்களே,

போட்டியில் வலுவானவர்கள் தொடக்கத்திலேயே மோதாதபடி முன்கூட்டியே இடம் ஒதுக்குவதைத்தான் ஆங்கிலத்தில் சீடிங் (seeding) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் மடல்களில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> சீடிங் = விதைப்பு. நேரடிப் பொருள்தான், யாருக்கும் புரியும்.

புரியவில்லை என்பதுதான் என் அனுபவம். போன பொங்கல் விடுமுறையில் 16 பேர் சேர்ந்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டில் போட்டி வைத்தோம். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும், தோற்றால் வெளியே. யாருக்கு யார் எதிராளி என்று சீட்டுக் குலுக்கினோம். எங்களில் எலோ மதிப்பு (வெற்றி தோல்விகளை வைத்துத் திறமையைக் கணக்கிடும் எண்) அதிகமுள்ள இரண்டு பேரும் முதல் சுற்றிலேயே மோதி, ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இறுதி ஆட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்த போட்டிக்குச் சீடிங் செய்வோம் என்று முடிவெடுத்து, அறிவிப்பில் ‘விதைப்பு’ என்று போட்டேன். “போன தடவை விதைச்சதுதானே எங்கெங்கயோ போய் விழுந்துச்சு?” என்று கேட்டார் நெல் வயல் உள்ள வீட்டுக்காரர் ஒருவர். கிண்டலாகத்தான் கேட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதே சரி.

விதைப்பது என்றால் கைவீசித் தூவுவது. எது எங்கே விழும் என்று சொல்ல முடியாது. குலுக்கலுக்குத்தான் அது பொருந்தும். சீடிங்கிலோ, வலுவானவர்கள் அருகருகே வராதபடி இடைவெளி விட்டு ஒவ்வொருவரையும் ஓரிடத்தில் வைக்கிறோம். 8 பேருக்கு வலுவின்படி எண் கொடுத்தால், முதல் சுற்று ஜோடிகள் 1-8, 4-5, 3-6, 2-7. ஜோடியின் கூட்டுத்தொகை எப்போதும் 9; 16 பேர் என்றால் 17. முதலாமவரும் இரண்டாமவரும் இறுதி ஆட்டத்துக்கு முன் சந்திக்கவே முடியாது. கயிறு பிடித்து நாற்று நடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். ஆகவே என் முன்மொழிவு: நடவு.

> ‘தரவரிசை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

அது ரேங்கிங். 2018 விம்பிள்டனில், குழந்தை பெற்றுத் திரும்பியிருந்த செரீனா வில்லியம்ஸ் உலக அளவில் 183ஆம் இடத்தில் இருந்தார். போட்டி நடத்தியவர்கள் சீடிங்கில் அவருக்குக் கொடுத்தது 25ஆம் இடம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தச் செய்தியை எழுதிப் பாருங்கள். ‘தரவரிசை 183, நடவு 25’ என்றால் வேலை முடிந்தது. தரவரிசை ஆட்டக்காரருடையது, நடவு அந்தந்தப் போட்டியுடையது.

> எல்லாரையும் நட மாட்டார்களே, மற்றவர்களை என்ன சொல்வது?

நல்ல கேள்வி. விம்பிள்டன் ஒற்றையரில் 128 பேர். 2001 முதல் அதில் 32 பேருக்குத்தான் சீடிங். மீதி 96 பேர் குலுக்கலில் விழுந்த இடத்தில் ஆடுகிறார்கள். விதைப்பு என்ற சொல்லை அவர்களுக்கு வைத்துக்கொள்ளலாமே! ‘32 நடவு, 96 விதைப்பு.’ (இதை ரொம்ப நீட்டினால் களையெடுப்பு, அறுவடை என்று போய்விடுவோம். இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.)

நேர விஷயத்திலும் ஒரு லாபம் உண்டு. காலையில் குலுக்கினால் கடைசி ஆள் வந்து சேரும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். நடவுப் பட்டியலை முந்தின இரவே அனுப்பிவிடலாம். வந்தவர்கள் வந்ததும் ஆடத் தொடங்கலாம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. இந்த முறை 13 பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 16 கட்டத்தில் மூன்று காலி. வழக்கப்படி முதல் மூன்று நடவுக்காரர்கள் ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். ஆங்கிலத்தில் bye எனப்படும் இதை ‘பை’ என்று எழுதினால் மளிகைப் பைதான் நினைவுக்கு வருகிறது. ‘ஓய்வுச் சுற்று’ எனக்கு ஓரளவு பிடித்திருக்கிறது. ‘உப்புக்குச் சப்பாணி’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். சிரித்தேன், ஆனால் அது பலவீனமான ஆளைக் குறிப்பது, இங்கே சலுகை பெறுவது பலசாலி.

வெள்ளிக்கிழமை அறிவிப்பு போகிறது. அதற்குள் இதைவிட நல்ல சொல் வராவிட்டால் ‘நடவுப் பட்டியல்’ என்றே போட்டுவிடுகிறேன்.