நம்ம வேலூர் பக்கத்துல பைபிளும் குர்ஆனும் பேசிக்கிட்ட அனுபவம் யாருக்காச்சும் இருக்கா?

மேல்விஷாரம் சீசன்பாஸ்:

நான் வாலாஜா ரோட்ல ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்கு வேலைக்கு போறவன், காட்பாடில ஏறுற ஒரு அண்ணன் எனக்கு சீட் போட்டு வெச்சிருப்பாரு. சிஎஸ்ஐ சர்ச்ல பொறுப்புல இருக்கறவரு. பாலிடிக்ஸ் பேசினா கம்பார்ட்மென்டே ரெண்டாயிடும்னு எப்படியோ நாங்க ரெண்டு பேரும் நபிமார் கதைல இறங்கிட்டோம், இறங்கினவங்க வெளிய வரவே இல்ல.

முதல்ல யூசுப் நபி கதை. அவங்க பைபிள்ல ஆதியாகமம் 37லேந்து 50 வரைக்கும் யோசேப்பு கதை பெருசா ஓடுது (நடுவுல 38 மட்டும் யூதா கதை, அது ஏன் அங்க வந்துச்சுன்னு அண்ணனுக்கே சரியா சொல்ல வரல). நம்ம குர்ஆன்ல 12வது சூரா (அத்தியாயம்), 111 ஆயத்துல (வசனத்துல) கிட்டத்தட்ட முழுக்க இந்த ஒரே கதைதான். எஜமானோட பொண்டாட்டி பொய்ப் பழி போடுற இடம் வந்தப்போ அண்ணன் சொன்னாரு, அவன் துணிய அந்தம்மா கைல விட்டுட்டு ஓடினான், எஜமான் வந்தான், கோவத்துல தூக்கி ஜெயில்ல போட்டுட்டான், விசாரணை ஒண்ணும் கெடையாது. நான் சொன்னேன், எங்க கிட்ட விசாரணை கீது அண்ணே, அந்தம்மா வீட்டு ஆளே ஒருத்தர் சாட்சி சொல்றாரு, சட்டை முன்னாடி கிழிஞ்சிருந்தா அந்தம்மா சொல்றது நெசம், பின்னாடி கிழிஞ்சிருந்தா இவர் சொல்றது நெசம்னு, பாத்தா பின்னாடி கிழிஞ்சிருக்கு. அண்ணன் தொடையத் தட்டி, அட சின்ன வயசுலேந்து சண்டே ஸ்கூல்ல இத கேட்டுக்கினு இருக்கேன், துணிய ஒருத்தரும் பாக்கலையேன்னு எனக்கு தோணவே இல்லியேப்பான்னாரு. ஆனா பதிலுக்கு அவர் ஒண்ணு படிச்சு காட்டினாரு, 44வது அதிகாரத்துல, தம்பி பென்யமீன விட்டுடுங்க, அவனுக்கு பதிலா என்னை அடிமையா வெச்சிக்கோங்க, அவன் இல்லாம எங்கப்பா மூஞ்சில எப்படி முழிப்பேன்னு யூதா கெஞ்சுற இடம். நம்ம சூராலயும் எங்கள்ல ஒருத்தர பதிலுக்கு எடுத்துக்கோங்கன்னு அண்ணங்காரனுங்க சொல்றாங்க, ஆனா ஒரே வரி. அவங்களுது அவ்ளோ நீட்டு, திருநின்றவூர் தாண்டி வந்துடுச்சு அவர் முடிக்கறதுக்குள்ள, எதிர் சீட்ல இருந்த நாயுடு சாரே செல்போன கீழ வெச்சிட்டாரு.

நூஹ் நபி (நோவா) கதைல அவருக்குத்தான் ஷாக். பைபிள்ல மூணு பசங்களும் பேழைல ஏறி பொழைச்சிட்றாங்க. குர்ஆன்ல ஒரு பையன், நான் மலை மேல ஏறி தப்பிச்சிக்கிறேன்னு சொல்லிட்டு அப்பா கண்ணு முன்னாடியே அலைல போயிட்றான். நெறைய நேரம் ஜன்னல பாத்துகினு வந்தாரு. அவருக்கும் பேச்சு கேக்காத புள்ள ஒண்ணு உண்டு, அத நான் அப்போ கேக்கல.

இப்ப விஷயத்துக்கு வரேன். 2023ல ஏப்ரல் 7 பெரிய வெள்ளி, எங்களுக்கு ரமலான் நடுவுல வந்த ஜும்மா. அவர் மூணு மணி நேர ஆராதனைக்கு லீவு, நான் நோன்போட ஆபீஸ். திங்கக்கிழமை ஏறினவுடனே நேரா கேட்டாரு, தம்பி, உங்க புக்ல இயேசு சாகலியாமே? நான் மழுப்பல. 4வது சூரா 157ல அவங்க அவர கொல்லவும் இல்ல, சிலுவைல அறையவும் இல்ல, அடுத்த ஆயத்துலயே அல்லாஹ் தன் பக்கம் உசத்திக்கிட்டான்னு இருக்குன்னு சொன்னேன். அரக்கோணம் வரைக்கும் பேச்சே இல்ல. அப்பால சொன்னாரு, அது இல்லனா எனக்கு ஒண்ணுமே இல்லப்பா, கிறிஸ்து எழுந்திருக்கலனா எங்க பிரசங்கம் எல்லாம் வீண்னு பவுலே எழுதி வெச்சிட்டாரு. கோவமா சொல்லல. எனக்கு அவர் மேல மரியாதை ஏறினது அன்னிக்குதான். எல்லா மதமும் ஒண்ணுதான் தம்பின்னு சொல்லிட்டு பேப்பர விரிச்சிருக்கலாம், செய்யல பாருங்க.

இது மாதிரி உங்களுக்கு நடந்தத எழுதுங்க. ஒருத்தர ஒருத்தர் மட்டம் தட்டாம.

சத்துவாச்சாரி டீச்சர்:

நான் மிஷன் ஸ்கூல்ல ரொம்ப வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. கிறிஸ்மஸ் நாடகம் எப்பவும் என் தலைலதான் விழும். ஒரு தடவ மேய்ப்பன் வேஷத்துக்கு ஒரு பாய் வீட்டு பையன், நல்ல குரல், பயமே இல்லாத புள்ள. ரிகர்சல் நடந்துட்டு இருக்கும்போது அவங்கம்மா வந்தாங்க, புர்கால, வாசல்லயே நின்னாங்க. டீச்சரம்மா, அவன் நடிக்கட்டும், எங்களுக்கும் மர்யம் (மரியாள்) அம்மா பெரியவங்கதான், ஆனா "தேவகுமாரன் பிறந்தார்"னு ஒரு டயலாக் இருக்காம், அத மட்டும் அவன் வாயால சொல்ல வேணாமேன்னாங்க. எனக்கு முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு, எங்க ஸ்கூல்ல எங்க பண்டிகைல வந்து எங்களுக்கே திருத்தம் சொல்றாங்களான்னு. ராத்திரி லூக்கா 2ஆம் அதிகாரத்த எடுத்து பாத்தேன். மேய்ப்பருங்க அங்க அப்படி சொல்லவே இல்லீங்க! அவங்க பேசுறதா லூக்கா எழுதினது ஒண்ணே ஒண்ணுதான், வாங்க பெத்லெகேமுக்கு போய் நடந்தத பாப்போம்னு. மீதி எல்லாம் வருஷா வருஷம் யாரோ சேத்து சேத்து எழுதினது. பையனுக்கு அந்த ஒரிஜினல் வரியவே குடுத்தேன். தேவகுமாரன்ங்கற வார்த்தைய காபிரியேல் தூதனா நடிச்ச எங்க சர்ச் பொண்ணு சொன்னா, லூக்கா 1ல அது தூதன் சொல்றதுதானே. யாரும் எதையும் விட்டுக் குடுக்கல.

நாடகம் முடிஞ்சதும் அந்தம்மா என் கிட்ட உக்காந்து சூரா மர்யம்ல வர்ற பிரசவத்த சொன்னாங்க. மாட்டுக்கொட்டில் இல்ல, யோசேப்பும் இல்ல. மர்யம் தனியா ஒரு பேரீச்ச மரத்தடில வலில துடிக்கிறாங்க, இதுக்கு முன்னாடியே நான் செத்து மறந்து போயிருக்கக் கூடாதான்னு அழறாங்க. கீழ தண்ணி ஓடுது, மரத்த உலுக்கு, பழம் விழும்னு ஒரு சத்தம் வருது. நான் நாலு புள்ள பெத்தவ, அவ்ளோ வலி எங்க சுவிசேஷத்துல எழுதலையேன்னு அன்னிக்கு தோணுச்சு, அத ஆயர் கிட்ட சொன்னா ஒரு மாதிரி பாத்தாரு. குர்ஆன்ல பேர் சொல்லி வர்ற ஒரே பொம்பள மர்யம்தானாம், வேற எந்த பொண்ணு பேரும் இல்லியாம். தொட்டில்லயே கொழந்த பேசுதாம், ஆனா பேசுற முதல் வார்த்தையே "நான் அல்லாஹ்வோட அடிமை". அங்கதான் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சிக்கிட்டோம், இனி மேல போனா வேற ரோடுன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடுச்சு.

குடியாத்தம் 90ஸ்:

எங்க ஊர்ல அனுபவம் கொஞ்சம் வேற மாதிரி. ஒரு காலத்துல விவாத சிடி தான் எங்க பொழுதுபோக்கு. 1986ல முஸ்லிம் பேச்சாளர் அகமது தீதாத்தும் கிறிஸ்தவ டிவி பிரசங்கி ஜிம்மி ஸ்வாகர்ட்டும் அமெரிக்கால மோதினத டப்பிங் போட்டு பாப்போம், பாத்துட்டு டீக்கடைல வந்து மோதுவோம். நான் யோவான் 14ல இயேசு வருவார்னு சொல்ற தேற்றரவாளன் முகமது நபிதான்னு அடிப்பேன், என் ஃப்ரெண்டு 26ஆம் வசனத்த எடுத்து அது பரிசுத்த ஆவின்னு அதுலயே போட்டிருக்கு பாருடாம்பான், நான் உடனே 61வது சூராக்கு தாவுவேன், அங்க ஈஸா நபி (இயேசு) தனக்கப்புறம் அஹ்மத்னு ஒரு தூதர் வருவார்னு சொல்றாரு இல்ல. அவன் அத ஒத்துக்க மாட்டான், நான் இத ஒத்துக்க மாட்டேன், டீ ஆறிடும். சும்மா சொல்லல, அதனாலதான் நான் பைபிள் நாலு சுவிசேஷமும் படிச்சேன், அவன் குர்ஆன் தமிழ்ல படிச்சான். ஜெயிக்கறதுக்கு படிச்சது, அதனால தேவையான வசனம் மட்டும் மனசுல நின்னுச்சு, மீதி எல்லாம் போச்சு.

உமராபாத் பக்கம்:

குடியாத்தம் தம்பி சொன்னத படிச்சு சிரிச்சேன். நான் மதரசால ஓதினவன். 1924ல காக்கா முஹம்மது உமர் சாஹிப் தொடங்கின தாருஸ்ஸலாம் மதரசா இருக்கற ஊர் பக்கம்தான் வீடு. ஆம்பூர்ல ஒரு பாஸ்டரோட எனக்கு பழக்கம், அவர் லுத்தரன்.

அவர் என்னை கேட்ட முதல் கேள்வி, இன்ஜீல (சுவிசேஷத்த) நம்புறோம்னு சொல்றீங்க, அப்போ பைபிள ஏன் மதரசால வெச்சு ஓதறதில்ல? நியாயமான கேள்வி. எங்க நம்பிக்கைல இன்ஜீல்ங்கறது ஈஸா நபிக்கு அல்லாஹ் இறக்கின ஒரே வேதம், தவ்ராத் மூஸா நபிக்கு (மோசே), ஜபூர் தாவூத் நபிக்கு (தாவீது). அவங்க கைல இருக்கறது மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்னு இயேசுவ பத்தி மத்தவங்க எழுதின நாலு. அதுல பழைய உண்மை இருக்கு, மனுஷன் கைபட்டு மாறினதும் இருக்குங்கறது எங்க நிலை. பாஸ்டர் சொன்னாரு, ஹஜ்ரத், எங்களுக்கு மேல இருந்து இறங்கின வார்த்தையே இயேசுதான், சுவிசேஷம் அவருக்கு சாட்சி, நீங்க குர்ஆன வெக்கற இடத்துல நாங்க பைபிள வெக்கல, இயேசுவ வெக்கறோம். எத்தனையோ கிதாப் பாத்தவன் நான், இவ்ளோ தெளிவா எனக்கு யாரும் அத சொன்னதில்ல. புக்குக்கு புக்கு வெச்சு பாத்துக்கிட்டே இருந்ததால எங்க ரெண்டு பக்கமும் நெறைய பேருக்கு இது புரியறதில்லன்னு நெனைக்கிறேன்.

இன்னொண்ணு. நஜ்ஜாஷி மன்னர் கதைய எல்லாரும் பாதிதான் சொல்றாங்க. கி.பி. 615 வாக்குல மக்கால கொடுமை தாங்காம முஸ்லிம்கள் அபிசீனியாக்கு (எத்தியோப்பியா பக்கம்) போறாங்க, அங்க நஜ்ஜாஷி கிறிஸ்தவ ராஜா. போனவங்கள்ல ஒருத்தரான நபித்தோழர் ஜஃபர் ரலி அவர்கள் சூரா மர்யம் ஓதிக் காட்டறாங்க, ராஜா தாடி நனைய அழறாரு. மீலாது மேடைல எல்லாம் இதோட நிறுத்திடுவாங்க, கைதட்டு. ஆனா மறுநாள் இருக்கே! இவங்கள திருப்பி அனுப்பச் சொல்லி வந்த மக்கா குறைஷி குலத்தோட ஆள் அம்ர் திரும்ப வந்து, ராஜாவே, இவங்க ஈஸாவ பத்தி என்ன சொல்றாங்கன்னு கேளுங்கன்னு கோத்து விடறாரு. உயிர் போற விஷயம். ஜஃபர் மறைக்கல, அவர் அல்லாஹ்வோட அடியார், தூதர், மர்யமுக்குள்ள போட்ட அவனோட வார்த்தை, அவன் கிட்டேந்து வந்த ரூஹ் (ஆவி)னு சொல்லிட்டாங்க. ராஜா கீழ கெடந்த ஒரு குச்சிய எடுத்து, நீ சொன்னதுக்கும் ஈஸாவுக்கும் இந்த குச்சி அளவு கூட வித்தியாசம் இல்லன்னாரு, பக்கத்துல இருந்த பாதிரிமாருங்க முணுமுணுத்தாங்கன்னு சீரா (நபி வாழ்க்கை வரலாறு) நூல்லயே வருது. அந்த முணுமுணுப்பையும் சேத்துதான் நான் இப்பல்லாம் பயான்ல (மார்க்கப் பேச்சுல) சொல்றேன். பாஸ்டரும் அவங்க பக்கம் நின்னு முணுமுணுத்திருப்பேன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு, நேர்மையான மனுஷன்.

நைட் டூட்டி:

பெரியவங்க நடுவுல நான் சின்னதா. வேலூர்ல நர்ஸ். இங்க பெங்கால், அஸ்ஸாம், பங்களாதேஷ்லேந்து எவ்ளோ பேர் வர்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், காந்தி ரோடு போனா பெங்காலி போர்டுதான். ஒரு பங்களாதேஷ் அம்மா, மகனுக்கு மறுநாள் ஆபரேஷன். எங்க சாப்ளின் (ஆஸ்பத்திரி போதகர்) வந்து ஜெபம் பண்ணலாமான்னு கேட்டாரு, அந்தம்மா தலைய மூடிக்கிட்டு கைய ஏந்தினாங்க. ஒவ்வொரு வரிக்கும் ஆமீன், ஆமீன். கடைசில "இயேசுவின் நாமத்தில்"னு முடிச்சப்போ மட்டும் வாய மூடிக்கிட்டாங்க. நான் கவனிச்சேன், சாப்ளினும் கவனிச்சாரு, ஒண்ணும் சொல்லல, தலைய தொட்டு போயிட்டாரு. அப்புறம் அந்தம்மா மொழி தெரிஞ்ச அட்டெண்டர் மூலமா என் கிட்ட சொன்னாங்க, அல்லாஹ் கிட்ட நேரா கேட்டாலே கேப்பான், நடுவுல ஆள் வேணாம், உங்க அய்யா மனசு நோகுமான்னு. நோகாதும்மான்னேன். எங்களுக்கு நடுவுல நிக்கறவர் ஒருத்தர் இருக்கறதுதான் ஆறுதலே, அத எப்படி மொழிபெயர்ப்பு வெச்சு அந்த நேரத்துல சொல்றது.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா டாக்டர் ஆனதுக்கு காரணம் எங்களுக்கு டிரெய்னிங்ல சொன்னது ஞாபகம் வந்துச்சு. திண்டிவனத்துல ஒரே ராத்திரில மூணு பேர் கதவ தட்டினாங்க, ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்சாதி இந்து, மூணு பேர் பொண்டாட்டிக்கும் பிரசவம் சிக்கல், ஆம்பள டாக்டர் பாக்கக் கூடாது. விடியறதுக்குள்ள மூணு பொண்ணும் செத்துட்டாங்க. அப்புறம்தான் அவங்க படிச்சுட்டு வந்து 1900ல வேலூர்ல ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்சது.

மேல்விஷாரம் சீசன்பாஸ்:

சிஸ்டர், அந்த பையன் எப்டி கீறான்?

நைட் டூட்டி:

நடந்தே ஊருக்கு போனான் அண்ணா.

வாணியம்பாடி மருமக:

நான் ரோமன் கத்தோலிக், கல்யாணமாகி வாணியம்பாடி வந்தேன். பக்கத்து வீட்டு பாபி பக்ரீத்துக்கு குர்பானி கறி குடுத்து விடுவாங்க, மூணு பங்கு வெச்சு ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு சொந்தபந்தம் சிநேகிதத்துக்கு, ஒண்ணு ஏழைங்களுக்கு. எங்க மாமனார் கறிய வாங்கி வெச்சிட்டு, இது ஆபிரகாம் பலி குடுக்கப் போன மகன் ஈசாக்குக்கு பதிலா வந்த ஆடுதானேன்னாரு, பாபி வீட்டுக்காரர் இஸ்மாயில்ங்க தாத்தான்னாரு. சண்டை வரும்னு நெனச்சேன். பாய் போய் குர்ஆன எடுத்துட்டு வந்தாரு, 37வது சூரால பையன் பேரே இல்ல! பலி குடுக்கற கதை முடிஞ்சப்புறம் இஸ்ஹாக் (ஈசாக்கு) பத்தி நற்செய்தி வருது, அதனால முன்னாடி சொன்னது மூத்தவர் இஸ்மாயில்னு பெரும்பாலான ஆலிம்ஸ் (மார்க்க அறிஞர்கள்) சொல்றாங்கன்னு வெளக்கினாரு. ஆதியாகமம் 22ல ஈசாக்குன்னு பேரே போட்டிருக்கு. அதோட மாமனார் விட்ருக்கலாம், விடல. பைபிள்ல எபிரெயர் நிருபம் 9ஆம் அதிகாரத்த எடுத்து, ரத்தம் சிந்தாம மன்னிப்பு இல்லன்னு படிச்சாரு. பாய் 22வது சூரா 37ஆம் ஆயத்த காட்டினாரு, அதோட கறியும் ரத்தமும் அல்லாஹ்வ போய் சேராது, உங்க இறையச்சம்தான் சேரும்.

ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாத்தப்போதான் எனக்கு உறைச்சது, யார் பையன்ங்கறது சண்டையே இல்ல, சண்டை ஆட்டுல இருக்கு. அவங்களுக்கு அது கீழ்ப்படிஞ்சதுக்கு அடையாளம், தப்புக்கு மன்னிப்பு தவ்பா செஞ்சு (மனசு திருந்தி) கேட்டாலே போதும், ஆதம் நபியையே அப்படித்தான் மன்னிச்சான். எங்களுக்கு அந்த ஆடே சிலுவைக்கு முன்னடையாளம். பாய் மெதுவா கேட்டாரு, ரத்தம் இல்லாம மன்னிப்பு இல்லன்னா நீங்க ஏன் தாத்தா ஆடு அறுக்கறதில்ல? மாமனார் பக்கத்த திருப்பி 10ஆம் அதிகாரத்துல, ஒரே தரம் பலியிட்டாச்சு, இனி வேணாம்னு இருக்கற இடத்த கண்ணாடிய ஏத்திக்கிட்டு வரி வரியா படிச்சாரு. பாய் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, நாங்க இத ஒத்துக்க மாட்டோம் தாத்தா, ஆனா நீங்க ஏன் அறுக்கறதில்லன்னு இப்ப புரியுதுன்னாரு.