காம்பஸ் மாட்டி முடிச்சா அரியர் கிளியர் ஆகாதாமாங்க?

நொய்யல்கரை:
ஹாலோ நைட்ங்கற வீடியோ கேமைப் பத்திப் பூட்டின பழைய திரியில மஞ்சக்காடு உதிர்த்துட்டுப் போன தத்துவம் இது: “காம்பஸ் மாட்டிக்கிட்டு ஹாலோ நைட் முடிச்சவன் பிட் அடிச்சுப் பாஸானவன். அந்த அரியர் கிளியர் ஆனதாக் கணக்கில்ல.”

வாங்கிப் போட்டுத் தூசி புடிச்சுக் கெடந்த அரியர் கேம்ல இப்பக் கழிச்சது நாலு. மேக்ஸ் பெயின் (2001): இன்னிக்கு இருக்கற விண்டோஸ்ல ஸ்டீம் காப்பியை அப்படியே ஓட்டுனா சத்தம் வராது, ரசிகருங்க செஞ்ச ஆடியோ பேட்ச் போடோணும். மோஸ்ட் வாண்டட் (2005): வைட்ஸ்கிரீன் பேட்ச் இல்லாட்டி கார் எல்லாம் மேல ஆரோ உக்காந்த மாதிரி அமுங்கித் தெரியும். செலஸ்ட் (2018): 175 ஸ்ட்ராபெர்ரியும் பொறுக்குனாலும் பெருசா ஒண்ணும் கெடைக்காது, ஆனாலும் பொறுக்க வெக்கும். நாலாவது ஹாலோ நைட் (2017).

இதுல ஆளு மாட்டிக்கற சாமானுக்குத் தாயத்துன்னு பேரு (சார்ம்). ஆரம்பத்துல அதை மாட்ட இருக்கறதே 3 நாட்ச், அதாவது 3 எடம். காம்பஸும் ஒரு தாயத்து, அதுல 1 எடுத்துக்கும். மேப் சாமான் விக்கற இசெல்டா கடையில விலை 220 ஜியோ (கேம்ல அதுதான் காசு). மாட்டுனாத்தான் மேப்ல நம்ம ஆளு எங்க நிக்கறான்னு தெரியும். காசுங் குடுத்து, நாட்ச்சுங் குடுத்து, அதுக்கு மேல பிட்டுனு பேரும் வாங்கோணுமா? கடையில விலை வெச்சு விக்கற சாமான் எப்படிங்க பிட் ஆகும்?

மஞ்சக்காடு:
பேர் போட்டே கூப்புட்டிருக்கீங்க, வந்துட்டேன். சொன்னதுல மாத்தமில்ல. காம்பஸ் பிட்டுத்தான்.

அந்த கேமே தொலைஞ்சு போறதுக்குன்னு செஞ்சது. மேப் விக்கற கார்னிஃபர் எங்க இருக்கறான்னு தரையில கெடக்கற காகிதமும் அவன் முணுமுணுக்கற பாட்டும் சொல்லுது. கிரீன்பாத்துன்னா பச்சை, சிட்டி ஆஃப் டியர்ஸ்னா மழை, கண்ணைத் தொறந்து பாத்தா எந்த ஏரியான்னு தெரியும். ரூம் வடிவத்தை மேப்போட பொருத்திப் பாக்கோணும், அதுதான் விளையாட்டு. செத்தா உங்க ஜியோவை வெச்சுக்கிட்டு உங்க நிழல் எங்க நிக்குதுன்னு காம்பஸ் இல்லாமயே மேப் காட்டும். இதுக்கு மேலயும் புள்ளி வேணும்னா, காந்திபுரத்துல டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கால நின்னுக்கிட்டே டவுன் பஸ் ஸ்டாண்ட் எங்கீங்கன்னு கேக்கற கதைதான்.

தறிசத்தம்:
ரெண்டு பேருக்கும் கணக்கு வரல. பிட்டா இல்லையாங்கறது என்னத்துக்கு? காம்பஸ் 220 ஜியோ. தாயத்து விக்கற சலுப்ரா கடையில ஷாமன் ஸ்டோன் தாயத்து எவ்வளவு? அதே 220.

வெஞ்ச்ஃபுல் ஸ்பிரிட்ங்கற மந்திரம் சாதாரணமா 15 அடி. ஷாமன் ஸ்டோன் போட்டா 20. ஒரு தடவை விட 33 சோல் (மந்திரத்துக்குச் செலவாகற சக்தி), தொட்டி நெறஞ்சா 99, அப்ப மூணு தடவை. ஸ்டோன் இல்லாம 45, இருந்தா 60. வித்தியாசம் 15. ஆரம்பத்துல நெயிலோட (கையில இருக்கற வாளு) அடி 5 தான். அப்ப ஒவ்வொரு தொட்டிக்கும் மூணு வெட்டு சும்மா கெடைக்குது. அதே 220-ல ஒருத்தன் புள்ளி வாங்கிட்டு நிக்கறான்.

நொய்யல்கரை:
ஏனுங்ணா, ஷாமன் ஸ்டோனுக்கு எத்தனை நாட்ச்சுன்னு மட்டும் அமுக்கமா முழுங்கிட்டீங்க? 3. கையில இருக்கறதே 3. அதைப் போட்டா வேற ஒண்ணும் போட முடியாது. 1 நாட்ச் சாமானையும் 3 நாட்ச் சாமானையும் விலையை மட்டும் வெச்சு நிறுத்தறது எந்த ஊரு தராசுங்ணா?

தறிசத்தம்:
ஓவர்சார்ம்னு ஒண்ணு இருக்குதே, தெரியாதா? ஒரு நாட்ச்சாவது காலியா இருந்தா, பத்தாத தாயத்தையும் திருப்பித் திருப்பி அமுக்கி மாட்டிரலாம். வாங்கற அடி மட்டும் ரெட்டிப்பு. அடியே வாங்காட்டி ரெட்டிப்பும் பூஜ்யந்தான்.

கொடுமுடி_அக்கா:
5 மாஸ்க் (உயிர்) வெச்சுக்கிட்டு ரெட்டிப்பு அடி வாங்குனா மூணாவது அடியில ஆளு காலி. இதை ஆரம்பக்காரங்களுக்கு யோசனைன்னு சொல்லாதீங்க.

உருப்படியா ஒண்ணு. சலுப்ரா முதல் நாட்ச்சைக் குடுக்க 5 தாயத்து கையில இருக்கோணும், விலை 120 ஜியோ. அடுத்ததுக்கு 10, பொறவு 18, கடைசிக்கு 25. காம்பஸும் அந்த அஞ்சுல ஒண்ணா எண்ணிக்கையில சேரும். அது எடுத்துக்கற நாட்ச்சுல அஞ்சுல ஒரு பங்கை அதுவே சம்பாதிச்சுக் குடுத்துருது. நாலு நாட்ச் ஆனதும் ஷாமன் ஸ்டோன் 3, காம்பஸ் 1, ஒட்டுக்கா உக்காந்துக்கும். சண்டை எங்க இருக்குது?

மஞ்சக்காடு:
வாங்கறது வேற, மாட்டறது வேறங்ணா. எண்ணிக்கைக்கு வாங்கிப் பொட்டியில போட்டுக்கங்க, ஆரு வேண்டாங்கறாங்க? மாட்டுனாத்தான் பிட்.

கொடுமுடி_அக்கா:
பேருலயே அக்கான்னு போட்டிருக்குதுங்க. ரூம் வடிவத்தைக் கண்ணால பாத்தே கண்டுபுடிக்கறவரு இதைப் பாக்கலையாக்கும்.

சொல்லாய்வு:
சார்ம் என்பதைத் தாயத்து என்று எழுதுவது மகிழ்ச்சி. அப்படியே ‘நாட்ச்’ என்பதையும் விட்டுவிடலாமே? தச்சு வேலையில் மரத்தில் வெட்டும் பள்ளத்துக்குக் ‘காடி’ என்று அழகான சொல் இருக்கிறது. மூன்று காடி, பதினோரு காடி.

தறிசத்தம்:
காடின்னா புளிச்ச கஞ்சித் தண்ணி.

சொல்லாய்வு:
ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கக்கூடாதா? கதவு நிலையில் காடி எடுப்பவரிடம் போய்ப் புளிச்ச தண்ணீர் என்று சொல்லிப் பாருங்கள்.

நொய்யல்கரை:
சரிங்க, காடி. காம்பஸ் ஒரே ஒரு காடிதான் எடுக்குது, அதுக்கு இத்தனை அக்கப்போரா?

தறிசத்தம்:
அந்த ஒரு காடியோட மதிப்பு தெரியாமப் பேசறீங்க. க்ரப்சாங் தாயத்தும் ஒரு காடிதான், அடைபட்டுக் கெடக்கற 10 க்ரப் புழுவைக் காப்பாத்துனா ஓசியில வருது. ஒவ்வொரு அடி வாங்கும்போதும் 15 சோல் குடுக்கும். ரெண்டு அடிக்கு 30. ஒரு மாஸ்க் ரொப்ப 33 வேணும், நெயில்ல ஒரு வெட்டு வெட்டுனா 11 வரும். ஆக ரெண்டு அடி வாங்கி ஒரு வெட்டு வெட்டுனா ஒரு மாஸ்க் திரும்பி வந்துரும். காம்பஸ் எத்தனை மாஸ்க் குடுக்குது? இதுல 220 வேற தண்டம்.

வாட்சர் நைட்ஸ்ங்கற பாஸ், அதாவது பெரிய எதிரிங்க, ஆறு பேரு. அரங்கத்துக்கு முன்னாடி ஒடைக்கற செவுத்தைக் கண்டுபுடிச்சு, மேல ஏறிப் போயி சரவிளக்கை அறுத்து விட்டா ஒருத்தன் அங்கயே நசுங்கிருவான், மீதி அஞ்சு. அந்த வழியைக் காம்பஸ் காட்டுச்சா? செவுத்துல வெட்டிப் பாத்தவனுக்குத்தான் தெரியும்.

நொய்யல்கரை:
சரவிளக்கு எங்கிருந்துங்ணா நடுப்புற வந்துச்சு? அரங்கத்துக்குள்ள போகறப்பக் காம்பஸ் வேண்டாம்னா பெஞ்சுல உக்காந்து கழட்டிட்டுப் போறாங்க. ஊர் சுத்தறப்ப மாட்டறது, பாஸுக்கு முன்னாடி கழட்டறது. எல்லாரும் செய்யறதுதான்.

மஞ்சக்காடு:
பெஞ்ச் பக்கத்துல இருந்தாத்தானுங்களே கழட்டறது? புது ஏரியாவுல பெஞ்சைக் கண்டுபுடிக்கறதுக்குள்ள பாஸ் ரூம்ல கதவு மூடிக்கும், ஒரு நாட்ச் சும்மா தூங்கும். இன்னொண்ணு, ஆரும் பேச மாட்டீங்கறீங்க: ஏரியாவோட மேப்பை வாங்காத வரைக்கும் காம்பஸ் ஒண்ணுமே காட்டாது. டீப்நெஸ்ட்டுல விழுந்து, இருட்டுல, கார்னிஃபரைத் தேடிக்கிட்டு நிக்கறப்பத்தான் மெய்யாலுமே தொலைஞ்சு போறோம். அங்க காம்பஸ் வெறும் கல்லு. வழி தெரியாத எடத்துல பிரயோசனமில்ல, தெரிஞ்ச எடத்துல தேவையில்ல.

நொய்யல்கரை:
பிரயோசனமே இல்லாதது எப்படிங்க பிட் ஆச்சு? பிட்டுல விடை இருக்கோணுமே? ஒரு பதிவுல ஏமாத்து வேலைங்கறீங்க, அடுத்ததுல வெறும் கல்லுங்கறீங்க. எதாச்சும் ஒண்ணுல நில்லுங்க.

மஞ்சக்காடு:
உருப்படாத பிட்டும் பிட்டுத்தானுங்க. வேற பாடத்துப் பிட்டை எடுத்துட்டுப் போயி மாட்டுனா விட்டுருவாங்களா?

புது_அரியர்:
நடுப்புற வரேன், மன்னிச்சுக்கங்க. கண்ட்ரோலர்ல விளையாடறேன். கீழ பாத்து வெட்டுனா பாதி நேரம் பக்கவாட்டுல வெட்டி முள்ளு மேல விழுகுது. இன்னும் காம்பஸ் வாங்கல.

கொடுமுடி_அக்கா:
அனலாக் குச்சியை விட்டுப்போட்டு டி-பேடுக்கு வாங்க கண்ணு. குச்சியைக் கீழ தள்ளறப்பக் கட்டைவிரல் கொஞ்சம் சாஞ்சாலும் கேம் அதைப் பக்கவாட்டுன்னு எடுத்துக்குது. டி-பேடுல கீழன்னா கீழதான். குச்சியைத் தொடாதப்பவே ஆளு மெல்ல நகந்தா அது ட்ரிஃப்ட்: ஸ்டீம்ல கண்ட்ரோலர் செட்டிங்ல டெட்ஸோனை (குச்சி எவ்வளவு நகந்தாக் கேம் கண்டுக்கோணும்ங்கற அளவு) கொஞ்சங் கொஞ்சமா ஏத்திப் பாருங்க. அப்பவும் நிக்காட்டி, கண்ட்ரோலரை ஆஃப் பண்ணிட்டு, குச்சியோட அடிப்பக்கம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு நாலாப்பக்கமும் சுத்தி, நல்லாக் காஞ்ச பொறவு போடுங்க. தண்ணியோ, பூட்டுக்கு அடிக்கற எண்ணெயோ வேண்டாம்.

மஞ்சக்காடு:
கீபோர்டுக்கு வந்தாத் தீந்துச்சு. அம்புக்குறி, குதிக்க இசட், வெட்ட எக்ஸ், பாய சி. கேம் குடுக்கற அமைப்பே அதுதான்.

கொடுமுடி_அக்கா:
வெல கம்மி கீபோர்டுல மூணு கீயை ஒட்டுக்கா அமுக்குனா மூணாவது பதியாது. எடது அம்பு, கீழ் அம்பு, எக்ஸ்: இந்தச் சேர்க்கையிலயே சிலது ஊமையாயிரும். நோட்பேடைத் தொறந்து எடதும் கீழயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டு எக்ஸைத் தட்டிப் பாக்கச் சொல்லுங்க. எழுத்து விழுகாட்டி கேமைத் திட்டிப் பிரயோசனமில்ல.

தறிசத்தம்:
அந்தத் தம்பி இன்னும் காம்பஸ் வாங்கலைங்கறாரு, அதை ஆரும் கவனிக்கல. 220-ஐ அப்படியே வெச்சிருங்க தம்பி. முதல்ல 120-க்கு க்வில் (மேப் வரையற இறகுப் பேனா) வாங்குங்க. அது இல்லாட்டி பெஞ்சுல எத்தனை தடவை உக்காந்தாலும் நீங்க நடந்த ரூம் மேப்ல ஏறாது. பொறவு 100-க்கு, பெஞ்சை மேப்ல காட்டற பெஞ்ச் பின். ரெண்டும் சேந்து அதே 220. ரெண்டுக்கும் நாட்ச் வேண்டாம். பாத்தீங்களா கணக்கை?

மருதமலைப்_படி:
சித்த நில்லுங்க. முடிச்சதுன்னா என்னன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. கதையோட ஒரு முடிவைப் பாத்தாப் போதுமா? கேம் காட்டற முழு அளவான 112 சதம் வேணுமா? இல்ல 42 பாஸ் வரிசையா வர பாந்தியான் ஆஃப் ஹாலோநெஸ்ட்டைத் தாண்டோணுமா? அது தெரியாம அரியர் கிளியரா இல்லையான்னு எப்படிப் பேசறீங்க?

நொய்யல்கரை:
112-னு எடுத்துக் குடுத்தீங்க பாருங்க, நல்லது. தாயத்து மொத்தம் 40, ஒண்ணுக்கு ஒரு சதம். காம்பஸும் அதுல ஒண்ணு. காம்பஸ் இல்லாம 112 வராது. 112 கணக்கே ‘பிட்’ வாங்குனாத்தான் நெறையுது. இதுக்கு மஞ்சக்காட்டாரு என்ன சொல்றாரு?

மஞ்சக்காடு:
வாங்கறது வேற, மாட்டறது வேற. மேல போயிப் படிங்க.

மருதமலைப்_படி:
நான் கேட்டது அது இல்லீங்க.

தறிசத்தம்:
40 தாயத்துலயும் தண்டம் எதுன்னு ஒரு திரி தொறந்தாப் போதும், மொத எடம் காம்பஸுக்கு. கேதரிங் ஸ்வார்ம் 300 ஜியோ, அதும் ஒரு நாட்ச், ஆனா சிதறுற ஜியோவைப் பொறுக்கிப் போட்ட காசைத் திருப்பிக் குடுத்துரும். காம்பஸ் ஒரு ஜியோ திருப்பிக் குடுக்குமா? லாந்தருக்கு 1800 சேக்கோணும், நெயிலை முதல் தடவை தீட்ட 250. இந்த நெலமையில 220-ஐக் கொண்டு போயி…

நொய்யல்கரை:
வழி தெரியாம ரெண்டு தடவை செத்து, ஜியோவை நிழல்கிட்ட விட்டுட்டு, தேடிப் போறதுக்குள்ள மறுபடி செத்து மொத்தமும் போறதைக் கணக்குல சேத்துனீங்களாங்ணா? அது 220-க்கு மேல வருமே?

தறிசத்தம்:
நிழல் நிக்கற எடத்தை மேப்பே காட்டுது. மஞ்சக்காடு முதல்லயே சொல்லிட்டாரு.

நொய்யல்கரை:
நிழல் நிக்கற எடம் தெரியும், நான் நிக்கற எடம்?

கொடுமுடி_அக்கா:
இதுல இன்னொண்ணு. 2025-ல வந்த அடுத்த பாகம் சில்க்சாங்லயும் காம்பஸ் இருக்குது, அங்கயும் ஓசியில்ல. ஆனா சண்டைச் சாமானோட எடத்தைப் புடிக்காம, மஞ்சக் கலர் எடத்துல தனியா மாட்டற மாதிரி வெச்சுட்டாங்க. செஞ்சவங்களே பிரிச்சு வெச்ச பொறவு நீங்க ஏனுங்க மோதிக்கறீங்க?

நொய்யல்கரை:
மஞ்ச எடமா! பேருலயே மஞ்சளை வெச்சுக்கிட்டு இவருக்கு ஏன் ஆகமாட்டீங்குது?

மஞ்சக்காடு:
ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. உங்க கோயமுத்தூர் குசும்புக்கு இன்னும் ஆரும் குடுக்கல. மஞ்ச எடமானாலும் அது ஒரு எடம், அதுல வேற சாமான் மாட்டலாம். அப்பவும் காம்பஸ் பிட்டுத்தான்.

சொல்லாய்வு:
‘காம்பஸ்’ என்பதற்கும் திசைகாட்டி என்ற சொல் இருக்கிறது.

தறிசத்தம்:
அது திசையைக் காட்டலீங்க, நிக்கற எடத்தைக் காட்டுது. இடங்காட்டின்னு வேணா சொல்லுங்க. 220 ஜியோ இடங்காட்டி.

மருதமலைப்_படி:
முடிச்சதுன்னா என்னன்னு இன்னும் ஆரும் சொல்லல.

புது_அரியர்:
அக்கா, டி-பேடுக்கு மாத்திட்டேன். இப்ப முள்ளு மேல விழுகறதில்ல, ரொம்ப நன்றிங்க. மேப் கீயை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே நடந்தா ஆளு மெதுவாப் போறான், அது அப்படித்தானுங்களா?

கொடுமுடி_அக்கா:
அப்படித்தான் கண்ணு. பூச்சி இல்லாத எடமாப் பாத்து நின்னு பாத்துக்கங்க.

புது_அரியர்:
சரிங்கக்கா. அப்புறம், இசெல்டா கடையில காம்பஸ் வாங்கிட்டேன். மாட்டட்டுமா வேண்டாமா?

மஞ்சக்காடு:
வாங்கறது வேற.

தறிசத்தம்:
தம்பி, எவ்வளவு குடுத்தீங்க?

புது_அரியர்:
220.

தறிசத்தம்:
அதே 220-க்கு சலுப்ரா கடையில…