மார்த்தாண்டத்துச் சொந்தங்கள்: குன்னூர் வீட்டில் நான்கு வேலை

*சனிக்கிழமை*

நான்: எல்லாருக்கும் காலை வணக்கம். ஒரு விஷயம் கேட்கணும், நேரம் கிடைக்கும்போது பதில் போடுங்கள். மாமா வாங்கிக் கொடுத்த இரண்டு தேன்பெட்டியும் இங்கே நன்றாக இருக்கின்றன. பின்னால் மேராக்காய்ப் பந்தல், கேரட், பீன்ஸ், கொத்தமல்லி. உள்ளே பெரியம்மா ஆரம்பித்துக் கொடுத்த பெரிய ஸ்வெட்டர் ஊசியில் நிற்கிறது, போர்வை தைக்கப் பழைய சேலைகள் ஒரு பை நிறைய. நான்கிலும் ஆசை, எதையும் விட மனசில்லை. நவம்பரில் அக்காவுக்குக் குழந்தை பிறக்கும், அதற்குள் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டரும் போர்வையும் முடியணும். காலையில் தோட்டம், மதியம் தையல், மாலையில் பின்னல் என்று அட்டவணை போட்டுவிடலாமா?

அம்மா: முதலில் தேனீ கொட்டாமல் பார்த்துக்கொள்.

தம்பி: இரண்டை விட்டுவிடு அக்கா. நான்கும் சேர்ந்தால் அது பொழுதுபோக்கு இல்லை, முழுநேர வேலை. ஸ்வெட்டர் கடையில் கிடைக்கும், போர்வையும் கிடைக்கும். தோட்டம், தேனீ இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து.

சித்தி: அப்படிச் சொல்லாதே தம்பி. திருப்பூரில் நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருக்கிறோம், வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் கையால் தைத்தால்தான் எனக்குத் தலை லேசாகிறது. அவளுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். போர்வைக்குத் துணி வேண்டுமானால் சொல், இங்கே பனியன் வேஸ்ட் மூட்டையாகக் கிடைக்கும், பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

பெரியம்மா: அட்டவணை வேண்டாம் மக்களே. நாளை நான்காகப் பிரித்தால் நான்கும் பாதியில் நிற்கும். நான் கோத்தகிரிக்கு வந்த நாளிலிருந்து பின்னுகிறேன், தைக்கிறேன், தோட்டமும் உண்டு, ஒரு நாளும் மணி பார்த்துச் செய்ததில்லை. இரண்டு உயிருள்ளவை, இரண்டு கூடையில் இருப்பவை. தேனீயும் செடியும் உனக்காகக் காத்திருக்காது, அதனதன் காலம் வந்தால் நீ போய் நிற்கணும். ஊசியும் நூலும் ஆறு மாதம் கூடையில் கிடந்தாலும் விட்ட கண்ணியிலிருந்து திரும்ப எடுக்கலாம். அதனால் கேட்க வேண்டியது எந்த நேரத்தில் எது என்பது இல்லை, எந்த மாதத்தில் எது என்பதுதான். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையில் யார் தோட்டத்தில் நிற்கப் போகிறார்கள்? ஊட்டிக்கு ஆடி மழைதான் பெரிது, உங்கள் பக்கத்துக்கு வடகிழக்கு மழைதான் பெரிது. அந்த மாதங்கள் முழுக்கப் பின்னலுக்கும் தையலுக்கும்தான்.

அக்கா: ஐப்பசி வரைக்கும் காத்திருந்தால் என் பிள்ளை பிறந்துவிடுமே பெரியம்மா 😀

பெரியம்மா: அது தனிக் கணக்கு, சாயங்காலம் எழுதுகிறேன். அடுப்பில் வேலை இருக்கிறது.

மாமா: இப்போதுதான் பார்த்தேன் மக்களே. தம்பி சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தேனீ வளர்ப்பு தனித் தொழிலாக வந்ததே இல்லை. 1910-களில் நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் அளவுக்குச் சின்னப் பெட்டி செய்து சொல்லிக்கொடுத்தார், இன்றைக்கும் அதை நியூட்டன் பெட்டி என்றுதான் சொல்கிறோம். அப்புறம் 1924-இல் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை ஆரம்பித்தார். அங்கே கோழி, நெசவு, தேனீ எல்லாம் ஒரே வீட்டுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்சம் நிலம் உள்ள குடும்பம், மற்ற வேலைகளுக்கு நடுவே இதையும் செய்யட்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஒரு வீட்டில் நான்கு கைவேலை இருப்பது நம் வழக்கம்தான், அதிகம் ஒன்றும் இல்லை.

தம்பி: இது எனக்குத் தெரியாது மாமா. சரி, ஆனாலும் பெட்டிக்கு எவ்வளவு நேரம் போகும்? வாரம் முழுக்க அதுவே ஆகிவிடாதா?

மாமா: ஆகாது. கூட்டம் பிரிகிற காலத்தில் மட்டும் வாரம் ஒரு தடவை கட்டாயம் திறந்து பார்க்கணும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. முட்டையிட்ட நாளிலிருந்து புது ராணி அறையை விட்டு வெளியே வர 15, 16 நாள். எட்டாம் நாளை ஒட்டி அந்த ராணி வளரும் அறையைத் தேனீக்கள் மூடிவிடும், மூடின கையோடு பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு பறந்துவிடும். பத்து நாளுக்கு ஒரு தடவை பார்க்கிறவன் வெறும் பெட்டியைத்தான் பார்ப்பான். இரண்டு பெட்டிக்கு அரைமணி நேரம் போதும். தேன் வரும் காலத்தில் அடையில் முக்கால்வாசி மெழுகால் மூடியபின் எடுக்கிறது, அது ஒரு காலை வேலை. மற்ற நாளில் வெளியே நின்று வாசலைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: காலில் மகரந்தம் வருகிறதா, எறும்பு ஏறுகிறதா, அவ்வளவுதான்.

நான்: இங்கே கூட்டம் எந்த மாதத்தில் பிரியும் மாமா? மார்த்தாண்டத்துக் கணக்கு இங்கே வருமா?

மாமா: வராது. நமக்கு எல்லாம் ரப்பர். மார்கழியை ஒட்டி இலை உதிர்ந்து, தை, மாசியில் புதுத் தளிர் வரும்போதுதான் தேன். அதுவும் பூவில் இல்லை, மூன்று இலை சேருகிற காம்பு நுனியில் ஊறுவது. உனக்கு அங்கே ரப்பர் ஏது? கோத்தகிரிப் பக்கம் பெட்டி வைத்திருப்பவர்களைக் கேள், மலைத் தேன் எடுப்பவர்களோடு வேலை செய்யும் கீஸ்டோன் அமைப்புக்காரர்களும் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்கு உங்கள் மலையின் பூக்காலம் தெரியும். கேட்டதைக் காலண்டரில் எழுதி வை. உன் கூட்டமும் மலைக்கூட்டம்தான், அதற்காகத்தான் இங்கிருந்து அனுப்பாமல் அங்கேயே வாங்கச் சொன்னேன். சமவெளித் தேனீ மஞ்சளாகச் சின்னதாக இருக்கும், உன்னுடையது கருப்பாக, சற்றுப் பெரிதாக இருக்கும். அதற்குத்தான் அந்தக் குளிர் பழகியது.

மாமா: இன்னொன்று, இது முக்கியம். பின்னிக்கொண்டிருந்த கையோடு, கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பெட்டிப் பக்கம் போகாதே. கம்பளி நூலில் தேனீயின் கால் மாட்டிக்கொள்ளும், விடுவித்துக்கொள்ள முடியாமல் கொட்டும். கருப்புத் துணியும் அதற்குப் பிடிக்காது. வெள்ளைப் பருத்திச் சட்டைதான் சரி. போவதற்கு முன்னால் வாழைப்பழமும் சாப்பிடாதே. தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களைக் கூப்பிட விடுகிற வாசனை கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனைதான்.

அம்மா: கேட்டாயா? கொட்டினால் என்ன செய்யணும் என்றும் சொல்லிவிடு.

மாமா: கொடுக்கை இரண்டு விரலால் பிடித்துப் பிடுங்காமல் நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட வேண்டும், தாமதிக்கத் தாமதிக்க விஷம் இறங்கும். கொட்டிய இடம் வீங்குவது சாதாரணம். மூச்சு முட்டினாலோ முகம், நாக்கு வீங்கினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ ஒரு நிமிடம்கூட வீட்டில் இருக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி.

நான்: சரி மாமா. பெட்டியைத் தொட்டுவிட்டு வந்தால் கை பிசுபிசுவென்று இருக்கிறதே, அது தேனீ மரத்திலிருந்து கொண்டுவரும் பிசினா? நூலெல்லாம் அழுக்காகிவிடும் என்று அன்றைக்குப் பின்னலைத் தொடுவதே இல்லை.

மாமா: நம் நாட்டுத் தேனீ பிசின் சேர்க்காது, இத்தாலியத் தேனீதான் சேர்க்கும். உன் கையில் இருப்பது தேனும் மெழுகும், வெந்நீரும் சோப்பும் போதும்.

*மாலை*

பெரியம்மா: இப்போது பிள்ளைக் கணக்கு. கோவையில் பிறக்கப் போகிற குழந்தைக்குக் கம்பளி எதற்கு? வியர்க்குரு வந்து அழும். பருத்தி நூல் வாங்கு, பத்தாம் நம்பர் ஊசி போடு. எட்டாம் நம்பர் குழந்தைக்குப் பெரிது, நம்பர் ஏற ஏறத்தான் ஊசி மெலியும். முதலில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு சதுரம் பின்னித் துவைத்துக் காயவைத்துப் பார், பருத்தி துவைத்தால் மாறும். அளவு ஆறு மாதப் பிள்ளைக்கு எடு. பிறந்த அளவுக்குப் பின்னினால் முன்பக்கம் முடிப்பதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். ஆறு மாதத்தில் மே மாதம் வந்துவிடும், அப்போது அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குன்னூருக்கு வருவாள், அந்த இராத்திரிக் குளிருக்கு அது சரியாக இருக்கும். ஊசியில் நிற்கிறதே, அந்தப் பெரிய ஸ்வெட்டர், அதை அப்படியே ஒரு தலையணை உறையில் போட்டுக் கட்டி வை. எத்தனையாவது வரிசையில் நிற்கிறது என்று ஒரு சீட்டு எழுதிக் கூடவே வை.

அக்கா: ஆறு மாத அளவுதான் பெரியம்மா எனக்கும் சரி என்று தோன்றுகிறது 🙏

சித்தி: பனியன் துணி வேண்டுமா வேண்டாமா பெரியக்கா, அதைச் சொல்லுங்கள்.

பெரியம்மா: மேல் துணிக்கு வேண்டாம். பனியன் இழுபடும், நூலோட்டம் போடும்போது ஒரு பக்கம் நீளும், ஒரு பக்கம் சுருங்கும். நடுவில் வைக்க வேண்டுமானால் ஒரு துண்டு அனுப்பு. குழந்தைப் போர்வைக்குப் பழைய பருத்திச் சேலையைப் போல ஒன்று கிடையாது, பல தடவை துவைத்துத் துவைத்துச் சாயமெல்லாம் போய் மெத்தென்று ஆகியிருக்கும். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் 90 சென்டிமீட்டர் வைத்து வெட்டினால் ஆறு துண்டு வரும். நாலு துண்டை அடுக்கினாலே பிள்ளைக்குப் போதும். பார்டர் உள்பக்கம் போகட்டும், ஜரிகை குத்தும்.

பெரியம்மா: வட கர்நாடகத்தில் சித்தி என்கிற ஆப்பிரிக்க வம்சாவளி இனப் பெண்கள் கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துணியை முன்கூட்டியே வெட்டி அளந்து வைக்கிற வேலை கிடையாது, கையில் கிடைத்த துண்டை வைத்துத் தைத்துக்கொண்டே போவதுதான். மூலையில் மடித்த சின்னத் துண்டுகளை வைத்து முடிப்பார்கள், அதைப் பூ என்பார்கள். உனக்கு அந்த முறைதான் பொருந்தும். கட்டில் முழுக்கத் துணியைப் பரப்பி அளவெடுக்க வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு இரண்டு ஓட்டம் போட்டுவிட்டுப் பெட்டியைப் பார்க்க எழுந்து போகலாம்.

நான்: இது மிகவும் பிடித்திருக்கிறது பெரியம்மா. பஸ்ஸிலும் கொண்டுபோகலாம் போல.

பெரியம்மா: பஸ்ஸுக்குப் பின்னல்தான். போர்வை பாதிக்கு மேல் போனால் கனக்கும். அதனால் போர்வையை இப்போது ஜூனில் ஆரம்பித்துவிடு, பருத்திச் சட்டை மெதுவாக வரட்டும். மழைக்காலத்தில் அந்தப் பெரிய ஸ்வெட்டரை எடுத்துக்கொள்.

நான்: நூல் சிக்கிக்கொண்டே இருக்கிறது, அதற்கு ஏதாவது உண்டா?

மாமா: உன் வீட்டிலேயே இருக்கிறது மக்களே! தேன் எடுத்தபின் வரும் மெழுகைத் தண்ணீரில் போட்டு உருக்கி வடிகட்டி ஒரு கட்டியாக வை. நேரடித் தீயில் வைக்காதே, பற்றிக்கொள்ளும். நூலை அந்தக் கட்டியின் மேல் இழுத்துவிட்டுத் தைத்தால் சிக்காது. நம் ஊரில் செருப்புத் தைக்கிறவர்கள் நூலுக்கு மெழுகு போடுவதைப் பார்த்திருப்பாயே.

பெரியம்மா: மெழுகு இழுத்த நூலை இரண்டு காகிதத்துக்கு நடுவில் வைத்து லேசாக இஸ்திரி போட்டுவிடு, இல்லாவிட்டால் வெளிர்த் துணியில் கறை தெரியும்.

அக்கா: தோட்டத்தை விட்டுவிட்டீர்களே. நான் மாடித்தோட்டத்தில் பார்த்தது ஒன்று சொல்கிறேன். பூசணியின் பெண் பூ விடிகாலையில் விரிந்து வெயில் ஏறினால் மூடிவிடும், அந்தக் கொஞ்ச நேரத்தில் தேனீ வந்தால்தான் காய். மாடியில் நான் சின்ன பிரஷ்ஷால் மகரந்தம் தடவுகிறேன், உனக்கு அந்த வேலையே கிடையாது. கொத்தமல்லியை முழுக்கப் பறிக்காமல் ஒரு பாத்தியைப் பூக்க விடு, கடுகும் கொஞ்சம் தூவு. தோட்டத்துக்கும் பெட்டிக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம் என்றுதான் சொல்ல வருகிறேன், களை எடுக்கும்போதே வாசலையும் பார்த்துவிடலாம். மருந்து அடிக்கவே அடிக்காதே. வேப்பெண்ணெய்கூட இருட்டிய பிறகுதான்.

மாமா: சரியாகச் சொன்னாய். மேராக்காய்ப் பூவுக்கும் நன்றாக வரும், பந்தலை அப்படியே வை.

தம்பி: மாமா, மழையில் பெட்டியை என்ன செய்வது? அதையும் சொல்லிவிடுங்கள், அவள் அதைத்தான் விட்டுவிடுவாள் என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் நூலும் துணியும் இருக்கட்டும், நான் விட்டுவிடு என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மாமா: மழையில்தான் கூட்டம் இளைக்கும். தூக்கிப் பார்த்தால் லேசாக இருக்கிறதென்றால் ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் கரைத்து, இருட்டும்போது உள்ளே வை. வெளியே சிந்தினால் எறும்பும் அடுத்த கூட்டமும் கொள்ளைக்கு வரும். தேனீக்கள் உட்காராமல் வெறுமையாக இருக்கும் அடையை எடுத்துவிடு, இல்லையென்றால் மெழுகுப் பூச்சி முட்டையிடும். புழு அறையில் புழுக்கள் பை மாதிரி ஊதிச் செத்திருந்தால் உடனே எனக்குப் படம் அனுப்பு, எந்த நேரமானாலும் சரி. 1991, 92-இல் அந்த நோய் வந்தபோது நம் ஊர்ப் பெட்டிகளில் பெரும்பாலானவை காலியாகிவிட்டன. வீட்டுக்கு வீடு வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இன்றைக்கு இருப்பதெல்லாம் அதில் தப்பிய கூட்டங்களிலிருந்து திரும்ப வளர்த்தது. அதனால்தான் சொல்கிறேன், வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் பெட்டியைப் பார்க்கிற நாளைத் தள்ளிப்போடாதே.

நான்: தள்ளிப்போட மாட்டேன் மாமா. ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்ததும் பெட்டி, அது மட்டும் மாறாது. மற்றதெல்லாம் மாதத்தைப் பார்த்து.

அம்மா: முதல் தேன் எடுத்ததும் பிள்ளை நாக்கில் தடவ ஒரு பாட்டில் தனியாக எடுத்து வை.

அக்கா: அம்மா, ஒரு வயது ஆகும்வரை தேன் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தேனில் இருக்கும் ஒரு கிருமி நமக்கு ஒன்றும் செய்யாது, பச்சைப் பிள்ளைக்கு ஆபத்து.

அம்மா: அப்படியா? நாங்கள் எல்லாருக்கும் தடவினோமே. சரி, டாக்டர் சொன்னால் வேண்டாம். அப்போது அந்தப் பாட்டில் எனக்கு.

சித்தி: நூல் இங்கே மொத்த விலைக்குக் கிடைக்கும், பருத்தி நூல் என்ன நிறம் வேண்டும் என்று சொல். துணியோடு சேர்த்து திங்கட்கிழமை பார்சல் போடுகிறேன்.

நான்: இளம் மஞ்சள் சித்தி. இல்லையென்றால் வெள்ளை. பத்தாம் நம்பர் ஊசி ஒரு ஜோடியும் கிடைத்தால் போடுங்கள், இங்கே கடையில் எட்டுதான் இருக்கிறது.