மறு: 'ஓவர்ரைட்', 'ஃபைல் கார்விங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

ஓவர்ரைட் என்பது வட்டில் பழைய தரவு இருந்த இடத்திலேயே புதியதை எழுதுவது. ஃபைல் கார்விங் என்பது கோப்புகளின் இடத்தைச் சொல்லும் அட்டவணை இல்லாமலே வட்டில் தேடிக் கோப்புகளை எடுப்பது. இழையில் இரண்டு சொற்களும் கலந்தே ஓடுவதால் இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஓவர்ரைட் என்பதற்கு 'அழித்தெழுது', ஃபைல் கார்விங் என்பதற்கு 'துழாவல்' என்பது என் பரிந்துரை. வட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால் ஏன் என்பது விளங்கும்.

அடிக்கடி நடக்கும் விபத்தையே எடுத்துக்கொள்வோம். பென்டிரைவில் லினக்ஸ் ஏற்ற ஒருவர், தரவை அப்படியே வட்டில் எழுதும் 'டிடி' கட்டளையைக் கொடுக்கிறார். பென்டிரைவின் பெயரான எஸ்டிபி என்று அடிக்க வேண்டிய இடத்தில், வன்தட்டின் பெயரான எஸ்டிஏ என்று அடித்துவிடுகிறார். 'டிடி' ஒரு வார்த்தை கேட்காது, சொன்ன இடத்தில் எழுதத் தொடங்கிவிடும். 1 டிபி வன்தட்டின் தலைப்பகுதியில் 5 ஜிபி போய் உட்கார்ந்துவிட்டது என்று வையுங்கள். அந்த 5 ஜிபி இடத்தில் முன்பு இருந்தவை போனது போனதுதான். மிச்சம் இருக்கும் 99 சதவீதத்துக்கும் மேலான இடத்தை யாரும் தொடவில்லை. ஆனால் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பெரும்பாலும் தலைப்பகுதியில்தான் இருந்தது.

முதலில், ஓவர்ரைட்டுக்கு இப்போது வழங்கும் 'மேலெழுது'. இதுவே புழக்கத்தில் இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மேலே எழுதினால் அடியில் பழையது அப்படியே இருக்கும் என்றுதான் அந்தச் சொல் காதில் விழுகிறது. இந்த நம்பிக்கை ஏற்கனவே பரவலாக இருக்கிறது. பீட்டர் கட்மன் 1996-இல் எழுதிய கட்டுரையில் 35 முறை எழுதி அழிக்கும் முறையை விவரித்திருந்தார். அன்றைய வட்டுகளின் பலவகைக் குறியீட்டு முறைகளையும் மனதில் வைத்து வகுத்தது அது. அதை வைத்துக்கொண்டு, ஒருமுறை எழுதினால் பழையதை எப்படியும் நுண்ணோக்கியில் படித்துவிடலாம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். இன்றைய காந்த வன்தட்டில் ஒருமுறை முழுதாக எழுதினாலே பழைய தரவைப் படிக்க முடியாது என்பதுதான் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டின் வழிகாட்டுதலும். பயனருக்குப் பொய் நம்பிக்கை தரும் சொல் எச்சரிக்கைப் பெட்டியில் இருக்கக் கூடாது. 'இந்தக் கோப்பை அழித்தெழுதவா?' என்று கேட்டால் விரல் ஒரு நொடி நிற்கும்.

எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, நினைவகச் சில்லுகளால் ஆன வட்டில்) அழிப்பதும் எழுதுவதும் தனித்தனி வேலைகளாயிற்றே என்ற ஆட்சேபம் நியாயமானது. அங்கே புதிய தரவு வேறொரு 'பக்கத்தில்' (சில்லின் சிறு பகுதியில்) எழுதப்படும், பழைய பக்கம் செல்லாது என்று குறிக்கப்பட்டு, பிறகு தொகுதி தொகுதியாக அழியும். ஆனாலும் பயனர் அந்த முகவரியைப் படித்தால் புதியது மட்டுமே வரும். கலைச்சொல் அவருக்குத் தெரியும் விளைவைச் சொன்னால் போதும் என்பது என் கருத்து.

அப்புறம், கார்விங். இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். இழையில் ஒருவர் எழுதியிருந்தது:

> 'கோப்புச் செதுக்கல்' என்றே வைக்கலாமே. ஆங்கிலத்துக்கு நேராக இருக்கிறது.

நேராக இருப்பதுதான் சிக்கல். சிற்பி செதுக்கும்போது கல்லில் இல்லாத உருவம் அவர் கையால் வருகிறது. இங்கே கோப்பு ஏற்கனவே இருக்கிறது, நாம் கண்டுபிடிக்கிறோம், அவ்வளவுதான். இந்த வேலையை அதிகம் செய்பவர்கள் தடயவியல் துறையினர். 'ஃபோர்மோஸ்ட்' என்ற கருவி உருவானதே அமெரிக்க விமானப்படையின் புலனாய்வுப் பிரிவில்தான். நம் நாட்டில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டம், 63-ஆம் பிரிவில் மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அப்படி ஒரு வழக்கில், 'இந்தப் படம் வட்டிலிருந்து செதுக்கப்பட்டது' என்று நிபுணர் தமிழில் எழுதிக் கொடுத்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விடுவாரா? செதுக்கினீர்கள் என்றால் நீங்களே செய்தீர்கள் என்றுதானே பொருள்! 'அகழ்வு' இதைவிட நல்ல சொல். ஆனால் தரவு அகழ்வு என்று டேட்டா மைனிங்குக்குப் பலர் எழுதுகிறார்கள், குழப்பம் வரும்.

அட்டவணை கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் துழாவத் தேவையில்லை. லினக்ஸில் வழங்கும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, தன் அமைப்பைச் சொல்லும் தலைமைக் குறிப்பின் (சூப்பர்பிளாக்) நகல்களை வட்டு நெடுகிலும் தூவி வைக்கும். வழக்கமான 4 கேபி தொகுதி அளவில் 6 ஜிபிக்குச் சற்று அப்பால் ஒரு நகல் உண்டு, மேலே சொன்ன விபத்தில் அது தப்பிவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில், கோப்புகளைப் பட்டியலிடும் எம்எஃப்டி அட்டவணை பெரும்பாலும் வட்டுப் பிரிவின் (பார்ட்டிஷன்) தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தொலைவில் ஆரம்பிக்கும், அதன் முன்பகுதி அடிபட்டுவிடும். முதலில் 'டெஸ்ட்டிஸ்க்' போன்ற கருவியால் வட்டுப் பிரிவைத் தேடிப் பார்ப்பார்கள். இந்த வேலைக்கு 'அட்டவணை மீட்பு' என்றே சொல்லலாம், புதிதாக எதுவும் வேண்டாம்.

அதுவும் கைகொடுக்காதபோதுதான் கார்விங் செய்யும் 'ஃபோட்டோரெக்' என்ற கருவி வருகிறது. அது அட்டவணையை எதிர்பார்ப்பதில்லை. வட்டை ஒரு முனையிலிருந்து படித்துக்கொண்டே போகும். எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகள் தட்டுப்பட்டால் ஜேபெக் படம் ஒன்று தொடங்குகிறது என்று பிடிக்கும். 'பிகே' என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும் கையொப்பம் (கோப்பு வகையைக் காட்டும் தொடக்கக் குறி) வந்தால் ஜிப். அந்த எழுத்துகள் ஜிப்பை வடிவமைத்த ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். இன்றைய வேர்டு ஆவணமும் உள்ளே ஜிப்தான் என்பதால் அதுவும் இப்படியே அகப்படும். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டு எடுப்போமே, அதே மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, கொக்கியில் தட்டுப்படுவதை வைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தச் செயலுக்குத் தமிழில் பெயர் துழாவுதல்.

சொல் பொருந்துவது இதோடு நிற்கவில்லை. துழாவி எடுத்ததற்குப் பழைய பெயர் இருக்காது. ஃபோட்டோரெக் தரும் கோப்புக்கு 'எஃப்' என்ற எழுத்தும் அது கிடந்த வட்டக்கூறின் (செக்டர்) எண்ணும்தான் பெயர். கோப்புறை அமைப்பும் போய்விடும். துண்டுதுண்டாகச் சேமிக்கப்பட்டிருந்த பெரிய காணொளி பாதியில் நின்றுவிடும். 'மீட்டெடுப்பு' என்ற பொதுச்சொல்லைப் போட்டால், எல்லாம் இருந்தபடி திரும்பும் என்று பயனர் எதிர்பார்ப்பார். துழாவல் என்றால் கிடைத்தது கிடைக்கும் என்பது சொல்லிலேயே தெரிகிறது.

கூழைத் துடுப்பால் கிளறுவதும் துழாவுவதுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான். ஆனால் 'கோப்புத் துழாவல்' என்று சேர்த்துச் சொல்லும்போது கிளறும் பொருள் வராது. வினையாக வரும் இடத்தில் 'துழாவியெடு', கருவிக்குத் 'துழாவி'. 'வட்டில் துழாவியெடுத்த 412 படங்கள்' என்று ஒரு வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள், இயல்பாகத்தான் இருக்கிறது.

விளக்கக் குறிப்பில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: துழாவியெடுத்தவற்றை அதே வட்டில் சேமிக்கக் கூடாது. சேமித்தால் இன்னும் துழாவாத கோப்புகளை அழித்தெழுதிவிடுவோம். இரண்டு சொற்களையும் ஒரே பக்கத்தில் வைத்து விளக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

மறுப்பு இல்லையென்றால் இந்த வார இறுதியில் விக்சனரியில் சேர்க்கிறேன். நீதிமன்றத் தமிழ் அறிந்தவர்கள் 'துழாவியெடுத்த கோப்பு' சான்றிதழில் நிற்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள். துண்டுபட்ட கோப்பின் பகுதிகளைப் பொருத்திச் சேர்க்கும் வேலைக்கு என்னிடம் இன்னும் நல்ல சொல் இல்லை, அதற்கும் யோசனைகள் வேண்டும்.

அன்புடன்